நட்பு வட்டத்து நாட்குறிப்புகள்: லைவ்ஜேர்னல் எழுத்துக்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

இலக்கிய விமர்சனமானது எவ்வெழுத்துக்களைத் தன் கவனத்துக்கு உரியவையாகக் கொள்கின்றது, எவற்றைப் பொருட்படுத்தாது விடுகின்றது என்பதிலேயே அதன் சார்பு பெரிதும் வெளிப்பட்டுவிடுகின்றது. காவியம், நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் என்பன பற்றி எழுதப்பட்டவை ஏராளம். தன்வரலாறும் கடிதமும் நாட்குறிப்பும்கூட, எழுதியவர் பிறிதொரு துறையிற் புகழ் பெற்றவராயின், ஆய்வுக்கு உரியனவாகின்றன. ஆனால், பெயர் அறியப்படாத ஒருவர் தமது நாளாந்த வாழ்வையும், தாம் விரும்பிப் பார்த்த தொலைக்காட்சித் தொடரையும், எங்கோ வாசித்தறிந்த விந்தையான செய்தியொன்றையும் பத்திருபது நண்பர்களுக்கென எழுதிவைக்கும்போது, அது 'அரட்டை' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டுவிடுகின்றது.

இவ்வாறு ஒதுக்கப்பட்ட எழுத்தின் பெருந்தொகுதிகளுள் ஒன்று, லைவ்ஜேர்னல் என்னும் இணையத்தளத்தில் 1999 ஆம் ஆண்டு தொடக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ருஷ்ய மொழியிலும் எழுதப்பட்டதாகும். அதன் ஆங்கிலப் பகுதி இன்று பெரிதும் எழுதியோராலேயே கைவிடப்பட்டு, உரிமையாளர் கைமாறி, எழுதப்பட்ட நாட்டுக்கு வெளியே உள்ள சேவையகங்களிற் கிடக்கின்றது. அதனை இலக்கியமெனக் கொள்ளலாமா என்ற வினாவிலும், அதனை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் யாது என்ற வினாவே முதன்மையானது. இவ்வெழுத்தின் பெறுமதி தனித்தனிப் பதிவுகளின் சொல்லழகில் அன்றி, எழுதுவோர்க்கும் அவர்க்கு அறிமுகமான வாசகர்க்கும் இடையே நிலவிய உறவிலேயே தங்கியிருந்தது. எனவே அவ்வுறவு நிலைகொண்டிருந்த இடம் யாருடைய உடைமை என்பதை விடுத்து அதனை மதிப்பிடல் இயலாது. இவ்விரு கருத்துக்களே இங்கு ஆராயப்படுகின்றன.

அன்றாடச் சிறு விடயங்களை எழுதுவது புதியதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யப்பானிய அரசவையிற் பணிபுரிந்த செய் ஷோனகொன், தமக்கு எரிச்சலூட்டுபவை, மனத்துக்கு உவப்பானவை என்றெல்லாம் பட்டியலிட்டு எழுதிய 'தலையணை நூல்' இன்று உலக இலக்கியமாகப் போற்றப்படுகின்றது. 1580 இல் தமது கட்டுரைகளை வெளியிட்ட பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன், உறவினர்க்கும் நண்பர்க்கும் பயன்படவே அவற்றை எழுதியதாக முன்னுரையிற் குறிப்பிட்டார். தமிழிலே, திருநெல்வேலியில் தம் இல்லத்து 'வட்டத்தொட்டி'யில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை பேசிய ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் நண்பர்க்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலுருப் பெற்றன. காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட இவை யாவும், அறிந்தவர்க்கென எழுதப்படும்போது எழுத்துக்கு ஒரு தனித்தன்மை வாய்க்கின்றது என்பதைக் காட்டுவன. நாட்குறிப்புக்கு வாசகர் இல்லை, கடிதத்துக்கு ஒருவர், அச்சேறும் கட்டுரைக்கு முகமறியாப் பலர். அறிந்த சிலர்க்கென எழுதுவது இம்மூன்றினின்றும் வேறான நிலையாகும்.

இந்நிலை எழுத்து முறையாகத் திரண்டமைக்கு அமெரிக்க விஞ்ஞானப் புனைகதை இரசிகரின் வரலாறு தக்க சான்றாகும். 1926 ஏப்ரலில் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் நியூயோர்க்கில் 'அமேசிங் ஸ்ரோறீஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் வாசகர் கடிதப் பகுதியிற் கடிதம் எழுதியோரின் முகவரிகளும் அச்சிடப்பட்டன. விற்பனையைக் கருதிய ஏற்பாடாயினும், அது எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. வாசகர்கள் ஆசிரியரை விடுத்துத் தம்முள் நேரே எழுதிக்கொள்ளத் தலைப்பட்டனர். 1930 இல் சிக்காகோவில் இத்தகைய கடிதத் தொடர்புக் கழகமொன்று வெளியிட்ட 'தி கொமெற்' முதலாவது இரசிகர் சஞ்சிகையாகக் கருதப்படுகின்றது. 1937 இல் டொனால்ட் வொல்ஹைமும் ஜோன் மிஷெலும் தோற்றுவித்த சங்கத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் தாம் எழுதியதை ஏனையோர் அனைவர்க்கும் போதுமான அளவு படியெடுத்து ஒருவரிடம் அனுப்புவர். அவர் எல்லாவற்றையும் கட்டாக்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோர்க்கும் தபாலில் அனுப்புவார். அடுத்த கட்டில் முன்னைய கட்டில் வந்தவற்றுக்கான மறுமொழிகள் இடம்பெறும். நாளடைவில் விண்கலமும் வேற்றுலகமும் பின்தள்ளப்பட்டு, வீடு மாறியமையும் வேலை இழந்தமையும் குழந்தை பிறந்தமையும் அவற்றின் பொருளாயின.

இம்முறையில் வாசகரும் எழுத்தாளரும் ஒருவரே என்பது முதலிற் கவனிக்கத்தக்கது. எழுதாதவர் சங்கத்தில் நீடிக்க முடியாது. அடுத்து, படியெடுக்கும் பொறியும் மையும் கடதாசியும் தபாற் செலவும் எழுதுவோருடையவை. எழுத்தின் உற்பத்திச் சாதனங்கள் எழுதியோர் கையிலேயே இருந்தன. 1967 இல் 'ஸ்ரார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் இரசிகைகள் நியூயோர்க்கில் 'ஸ்பொக்கனேலியா' சஞ்சிகையை வெளியிட்டபோதும் இந்நிலை மாறவில்லை. ஆண்கள் பெரும்பான்மையினராயிருந்த இரசிகருலகிற் பெண்கள் தமக்கென ஓர் எழுத்துக் களத்தை அமைத்துக்கொண்டமை அதனாற் சாத்தியமாயிற்று.

லைவ்ஜேர்னல் இம்மரபின் நேரடிப் படைப்பன்று. 1999 ஏப்ரலில் பிராட் பிற்ஸ்பற்றிக் என்னும் அமெரிக்க மாணவர், தம் பள்ளித் தோழர்க்குத் தமது செய்திகளைத் தெரிவித்துக்கொள்வதற்கென அதனை உருவாக்கினார். எனினும், இரசிகர் மரபு குடிபுகுதற்கு அது பெரிதும் இசைவாயிருந்தது. ஒருவர் தம் நண்பர்களைப் பட்டியலிட்டால், அவர்கள் எழுதிய யாவும் ஒரே பக்கத்தில், அண்மையில் எழுதப்பட்டது மேலே வருமாறு, கால வரிசையில் தோன்றும். முக்கியமானது எது என்று இயந்திரம் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு பதிவையும் உலகெலாம் காணவோ, நண்பர் மட்டும் காணவோ, நண்பருள்ளும் தெரிந்தெடுத்த சிலர் மட்டும் காணவோ விடலாம். மறுமொழிகள் கிளைகிளையாகப் பிரிந்து வளரும். 2001 தொடக்கம் 2003 இறுதி வரை, ஏற்கெனவே உறுப்பினராயிருந்தவரின் அழைப்பின்றிப் புதியோர் இலவசமாகச் சேரவும் இயலாதிருந்தது. தபாற் கட்டின் மூன்று மாதக் காத்திருப்பு இங்கு சில நிமிடங்களாகக் குறுகியதேயன்றி, அறிந்தோர் வட்டம் என்ற அடிப்படை மாறவில்லை.

இவ்வமைப்பு எழுத்தின் வடிவத்தைப் பாதித்தது. பொதுவாகக் காணப்படும் பதிவொன்றில், மறுநாட் பரீட்சையின் அச்சமும், வீட்டுக் கூரையின் ஒழுக்கும், முந்திய இரவு ஒளிபரப்பான தொடரில் ஒரு பாத்திரத்தின் மரணமும், பழைய சட்டைப் பொத்தானுக்கு வழங்கிய பெயர் யாதென்ற வினாவும் அடுத்தடுத்து வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுதற்கு எவ்வித இணைப்பு வாக்கியமும் இராது. அச்சுக் கட்டுரையில் இது குறையாகும். இங்கோ எழுதுபவரின் நாளே அவ்விடயங்களை இணைக்கின்றது, அந்நாளை அறிந்த வாசகர்க்கு வேறு இணைப்பு வேண்டியதில்லை. மேலும், பதிவு பெரும்பாலும் முடிவுறாமலே விடப்படும். பொத்தானின் பெயர் பின்னூட்டத்திலேதான் கிடைக்கும். பாத்திரத்தின் மரணம் நியாயமானதா என்ற விவாதமும் அங்கேயே நிகழும். பதிவை மட்டும் வெட்டியெடுத்து வாசிப்பவர் பாதிப் பனுவலையே வாசித்தவராவர்.

மற்றொரு சிறு உத்தியும் நோக்கத்தக்கது. கதையின் திருப்பத்தை இன்னும் அறியாத நண்பர்க்கு அதனை வெளியிட்டுவிடாதிருக்க, பதிவின் ஒரு பகுதியை மடித்து மறைக்கும் வசதி அங்கிருந்தது. விரும்பியோர் அதைத் திறந்து வாசிக்கலாம். நீண்ட புலம்பலையும் நோய் விவரத்தையும் எழுதியோர் அவ்வாறே மறைத்து, உள்ளே இருப்பது யாதென ஒரு வரியிற் குறிப்பிட்டனர். தொழில்நுட்ப வசதியொன்று இங்கு உரையாடற் பண்பாடாக, அதாவது பிறர் மனநிலையைக் கருதும் ஓர் எழுத்து நாகரிகமாக மாறியது. வாசகர் யாரென அறிந்த எழுத்திலேயே இது தோன்றமுடியும்.

குறைகளும் இல்லாமலில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்புக்கருகில் எழுதுபவரின் மனநிலையைப் பட்டியலொன்றிலிருந்து தெரிந்து இடும் வழக்கம், உணர்ச்சியை எழுதிக்காட்டும் கடமையிலிருந்து பலரை விடுவித்தது. ஒரே வினாக்கொத்துக்கு நூற்றுக்கணக்கானோர் விடையெழுதிச் சுற்றுக்கு விட்ட பதிவுகள் சலிப்பூட்டுவன. குழுவினர்க்கே விளங்கும் சுருக்கப் பெயர்களும் பகடிகளும் அயலாரை வாயிலிலேயே நிறுத்திவிட்டன. அறிந்தோர்க்கென எழுதுவதன் வலிமையும் நலிவும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பன என்பது இதனாற் புலனாகும்.

இவற்றினும் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. இரசிகர் என்போர் பெருவணிக நிறுவனங்களின் பண்டங்களை நுகர்வோர். ஊதியமின்றி அப்பண்டங்களை விளம்பரஞ் செய்வோர். தமது வாழ்வின் முரண்பாடுகளினின்றும் தப்பி, புனைவுலகிற் புகலிடம் தேடுவோர் என்பதே அது. இவ்வாட்சேபத்தை எளிதிற் புறந்தள்ளல் தகாது. தொலைக்காட்சி நிறுவனங்கள் இரசிகர் உழைப்பின் பயனை நுகர்ந்தன என்பது உண்மை. ஆயின், 'இரசிகர்' என்ற தமிழ்ச் சொல் சுவையறிந்தோரையும் நடிகரின் பின்செல்வோரையும் ஒருங்கே குறிப்பதுபோல, அச்செயலிலும் இரு கூறுகள் உள்ளன. தொடரொன்றைப் பார்த்துவிட்டு உறங்கச் செல்பவர் நுகர்வோர். அத்தொடரில் ஒரு பெண் பாத்திரம் ஏன் பேசாமலே சாகவேண்டியிருந்தது என்று கேட்டு, அவள் பேசும் கதையொன்றை எழுதி, நாற்பது பேருடன் விவாதிப்பவரை நுகர்வோர் என்பதோடு நிறுத்திவிட முடியாது. நாட்குறிப்பும் இரசிகத்தன்மையும் ஒரே பக்கத்தில் அமைந்தமை தற்செயலன்று. அவ்வினா பெரும்பாலும் அவரது சொந்த வாழ்விலிருந்தே எழுந்தது.

எனினும், நட்பு விமர்சனத்துக்குத் தடையாகவும் அமையும். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விஞ்ஞானப் புனைகதையிலும் மாயாவினோதக் கதைகளிலும் வெள்ளையரல்லாதோர் சித்திரிக்கப்படும் முறை பற்றி லைவ்ஜேர்னலிலும் அயற்றளங்களிலும் நீண்ட விவாதமொன்று மூண்டு பல மாதம் நீடித்தது. எழுத்தாளரும் பதிப்பாசிரியரும் சாதாரண வாசகரும் அதிற் கலந்துகொண்டனர். நண்பரின் எழுத்தைக் குறைகூறுவதா என்று பலர் வாளாவிருந்தமையும், குறைகூறியோரை நாகரிகமற்றோர் எனச் சிலர் பழித்தமையும் அதில் வெளிப்பட்டன. நட்பு வட்டம் என்பது சமத்துவ வட்டமன்று. வட்டத்தின் நடுவில் இருந்தோர் யார், விளிம்பில் இருந்தோர் யார் என்பதை அவ்விவாதம் காட்டிற்று. அதே வேளையில், வெள்ளையரல்லாத வாசகர் பலர் தம் இளமைக்கால வாசிப்பின் கசப்பை நாளாந்தப் பதிவின் நடையிலேயே எழுதியமையால், அரட்டை எனப்பட்ட வடிவம் கூர்மையான இலக்கிய விமர்சனத்தைத் தாங்கவல்லது என்பதும் நிறுவப்பட்டது.

கருவியே எழுத்தைத் தீர்மானிக்கிறது என்பாரும் உளர். அக்கூற்றுக்கு ருஷ்ய அனுபவம் மறுப்பாக அமைகின்றது. அதே தளம், அதே வசதிகளோடு, ருஷ்யாவில் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் முதற் பத்தாண்டில் எழுத்தாளரும் பத்திரிகையாளரும் அரசியல் விமர்சகரும் ஆயிரக்கணக்கான வாசகரை நோக்கிப் பேசும் பொது மேடையாயிற்று. தொலைக்காட்சி அரசின் பிடிக்குள் இறுகிவந்த சூழலில், மறுத்துப் பேசுதற்கு வேறிடம் குறைந்திருந்தமை அதற்கொரு காரணம். அமெரிக்காவில் மூடிய வாயிலுக்குள் நடந்த உரையாடல் ருஷ்யாவில் முற்றத்தில் நடந்தது. கருவி வாய்ப்புக்களைத் தருகின்றது. அவற்றுள் எது பயன்படும் என்பதைச் சமூகத்தின் தேவையே முடிவு செய்கின்றது.

தபாற் கட்டுக் காலத்து எழுத்தினின்றும் லைவ்ஜேர்னல் எழுத்து அடிப்படையில் வேறுபட்டது உடைமை விடயத்திலேயாகும். எழுதியோரிடம் பொறி இல்லை. 2005 ஜனவரியில் தளம் சிக்ஸ் அப்பார்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2006 இல் விளம்பரத்தை ஏற்கும் கணக்கு முறை புகுத்தப்பட்டது. 2007 மே மாத இறுதியில், புறத்தார் முறைப்பாட்டை அடுத்து, சுயவிவரத்தில் இடம்பெற்ற சொற்களையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, ஏறத்தாழ 500 கணக்குகள் முன்னறிவித்தலின்றி முடக்கப்பட்டன. முடக்கப்பட்ட பெயர்களின் குறுக்கே கோடிடப்பட்டிருந்தது. இரசிகர் கதைக் குழுக்களும், பாலியல் வன்முறையினின்றும் மீண்டோர்க்கான குழுக்களும், நபொக்கொவின் 'லொலிற்றா' நாவலை உரையாடிய குழுவொன்றும் அவற்றுள் அடங்கின. நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டுப் பலவற்றை மீளத் திறந்ததாயினும், தம் நாட்குறிப்பு பிறருடைய வீட்டில் எழுதப்படுகின்றது என்பதை எழுதியோர் அன்று உணர்ந்தனர். அதே ஆண்டு டிசெம்பரில் தளம் ருஷ்ய நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. 2016 டிசெம்பரிற் சேவையகங்களும் ருஷ்யாவுக்குச் சென்றன. 2017 ஏப்ரலில், ருஷ்யச் சட்டத்துக்கு அமைய எழுதவேண்டும் என்ற புதிய நிபந்தனைகள் வந்தன. எஞ்சியிருந்த ஆங்கில இரசிகருட் பலர் அத்துடன் வெளியேறினர்.

இவ்வுணர்வின் விளைவுகள் முக்கியமானவை. லைவ்ஜேர்னலிற் பணியாற்றியோர் 2009 இல் ட்ரீம்வித் என்னும் தளத்தைத் திறந்தனர். விளம்பரமின்றி, உறுப்பினர் செலுத்தும் பணத்தாலேயே அது இயங்கிவருகின்றது. இரசிகர் கதைகளை இலாப நோக்கில் திரட்ட ஒரு வணிக நிறுவனம் 2007 இல் முற்பட்டபோது, தமக்கெனத் தாமே ஒரு காப்பகம் அமைக்கவேண்டும் என்ற அழைப்பு அவ்வாண்டு மே மாதத்தில் லைவ்ஜேர்னலிலேயே எழுந்தது. நன்கொடையாலும் தொண்டர் உழைப்பாலும் இயங்கும் அக்காப்பகம் 2009 நவம்பரிற் பொதுப் பாவனைக்கு வந்து, 2019 இல் டப்ளின் நகரில் ஹியூகோ விருதையும் பெற்றது. 'நமக்கே நமக்கான காப்பகம்' எனப் பொருள்படும் அதன் பெயர், வேர்ஜீனியா வூல்வ் 1929 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பை நினைவூட்டுவது. எழுத விரும்பும் பெண்ணுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்பது வூல்வின் வாதம். எண்பதாண்டுகளின் பின், பெரும்பாலும் பெண்களாலான ஓர் எழுத்துக் குழு, தனியறையினின்றும் பொதுவுடைமையான காப்பகத்துக்குச் சென்றமை, அவ்வாதத்தின் வளர்ச்சியெனக் கருதத்தக்கது.

ஆயின், இவ்வெற்றியுள் ஒரு தோல்வியும் மறைந்துள்ளது. காப்பகத்துட் புகுந்தவை கதைகள்; அதாவது, தலைப்பும் தொடக்கமும் முடிவும் உடைய, 'படைப்பு' என ஏற்கப்படத்தக்க எழுத்துக்கள். அக்கதைகள் முளைத்த நிலமாகிய நாளாந்தப் பதிவும் பின்னூட்டமும் பெரும்பாலும் பழைய தளத்திலேயே விடப்பட்டன. எதை எழுத்தாக மதிப்பது என்ற விமர்சனத்தின் பழைய வரையறை, அவ்வரையறையால் ஒதுக்கப்பட்டோரிடத்தும் செயற்பட்டிருக்கின்றது. வணிக நிறுவனத்தின் கையில் இருப்பவற்றின் கதி யாதாகும் என்பதற்கு, யாஹூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் ஜியோசிற்றீஸ் தளத்தை மூடியமையே போதிய எச்சரிக்கையாகும். தன்னார்வலர் சிலர் பிரதியெடுத்துக் காத்திராவிடின் அப்பக்கங்கள் பெரும்பாலும் அழிந்தேயிருக்கும்.

எல்லாவற்றையும் பிரதியெடுத்துக் காப்பதே தீர்வு என்று கூறிவிடலும் இயலாது. நண்பர் மட்டும் காண எழுதப்பட்டதை ஆய்வாளன் திறந்து வாசிப்பானாயின், அவ்வெழுத்தின் அடிப்படையாகிய நம்பிக்கையையே அவன் உடைத்தவனாவான். இவ்வடிவத்தின் செம்மையான பகுதி பெரும்பாலும் பூட்டிய பதிவுகளிலேயே இருந்திருத்தல் கூடும். அங்ஙனமாயின் விமர்சனம் தன் எல்லையை ஏற்றுக்கொள்வதே முறை. காக்கப்படுவதா, அழிக்கப்படுவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எழுதியோர்க்கும் அவர்தம் வட்டத்தினர்க்கும் உரியது. நிறுவனம் முடக்குதலும் ஆய்வாளன் திறத்தலும் நோக்கத்தில் வேறாயினும், எழுதியோரின் இசைவைப் பொருட்படுத்தாமையில் ஒன்றே.

பின்வந்த பெருந்தளங்களில் 'நண்பர்' என்ற சொல் எஞ்சியது. அச்சொல் குறித்த உறவு தளர்ந்தது. எழுதியது யார் கண்ணுக்கு, எவ்வொழுங்கில் தோன்றும் என்பதை எழுதுபவரோ வாசிப்பவரோ அன்றி, விளம்பர வருவாயைக் கருதிய கணிப்பு முறையே தீர்மானிக்கும்போது, அறிந்த சிலர்க்கென எழுதும் நடை நிலைப்பது கடினம். கூரை ஒழுக்கைப் பற்றி எழுதுபவரும் முகமறியாக் கூட்டத்தின் கைதட்டலை எதிர்நோக்கியே எழுதவேண்டியவராகின்றார். நாளாந்த வாழ்வு எழுத்தினின்றும் மறையவில்லை. அது காட்சிப்பொருளாக மாறியிருக்கின்றது. இம்மாற்றத்தை இளைஞரின் இரசனைச் சீரழிவாகக் காணும் விமர்சகர், நோயின் குறியை நோயென மயங்குபவராவர். எழுத்தின் இடத்தை யார் உடைமையாக்கிக்கொண்டனர் என்ற வினாவிலிருந்தே இவ்வெழுத்தின் மதிப்பீடு தொடங்கவேண்டும். பத்திருபது பேர்க்கென எழுதப்பட்ட ஒரு பக்கம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று எண்ணுவது அதன் பின்னர் அவசியமற்றதாகும். அந்தப் பத்திருபது பேரும் அதற்கு மறுமொழி எழுதினரா என்பதே கேட்கப்படவேண்டியது.